மாட்டு டாக்டரின் முன் டயர்

கடையின் பின்சுவரில், காற்றுப் பம்புக்கு மேலே, ஆணியில் ஒரு பிளந்த ஹெல்மெட் தொங்குகிறதே, அது யாருடையது என்று போன மாதம் நான் கடைக்கு வந்தபோது, என் இடத்தில் இப்போது டயர் விற்கிற நீங்கள் கேட்டீர்கள். அதோடு இன்னொன்றும் கேட்டீர்கள். ட்ரெயில் பைக்குக்கு எந்த முன் டயர் நீண்ட நாள் உழைக்கும், பிரான்சிஸ் அண்ணே? இரண்டுக்கும் ஒரே பதில்தான். அன்றைக்கு முதலாளி பக்கத்தில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

கட்டுகஸ்தோட்டை ரோட்டில் அந்தக் கடையில் இருபத்தெட்டு வருடம் டயர் விற்றவன் நான். நீங்கள் நினைப்பதுபோல எனக்கு எல்லாம் தெரியாது. எந்த முன் டயர் உழைக்கும் என்று கேட்டால் இப்போதும் எனக்குத் தலை சுற்றும். ரப்பர் கடினமாக இருந்தால் லேசில் தேயாது, ஆனால் நனைந்த கல்லில் பிடிக்காது. மிருதுவான ரப்பர் கல்லைப் பிடிக்கும், ஆனால் அதில் துருத்திக்கொண்டிருக்கும் கட்டைகள் சல்லிப் பாதையில் பிய்ந்துபோகும். பின் டயர் வழுக்கினால் காலை ஊன்றித் தப்பலாம். முன் டயர் வழுக்கினால் 'மாதாவே' என்று சொல்லி முடிப்பதற்குள் ஆள் நிலத்தில் கிடப்பான். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். தெரிந்தும் நான் எப்படிக் குழம்பினேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

கம்பளைக்கு மேலே இருக்கிற தோட்டங்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். படித்த டாக்டர் இல்லை, ஆனாலும் தோட்டத்து லய வீடுகளில் இருக்கிற சனம் அவரை மாட்டு டாக்டர் என்றுதான் கூப்பிடும். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பழைய ஜப்பான் ட்ரெயில் பைக், பின்னால் இரும்புத் தாங்கி, அதில் ஊசி மருந்தை உறைகுளிரில் வைத்திருக்கிற கனமான குடுவை. ஒரு பசு சினைக்குக் கத்தத் தொடங்கினால் ஒரு நாளைக்குள் போயாக வேண்டும். தவறினால் அடுத்த தடவைக்கு மூன்று வாரம். அந்த வீட்டில் பால் அத்தனை நாள் தள்ளிப்போகும். அதனால் மழை, மூடுபனி எதையும் பார்க்காமல் போவார். நல்ல மனுசன், வாய் ஓயாமல் பேசுவார், நான் சொன்னால் வேதவாக்கு.

முன் டயருக்காக முதல் தடவை அவர் வந்தபோது, நாட்டில் பெட்ரோல் இல்லாமல் சனம் நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம் முடிந்து ஒரு வருடம் இருக்கும். பைக்கை நிறுத்திவிட்டு முன் சக்கரத்தைக் காலால் தட்டிக் காட்டினார்.

"அண்ணே, இந்தக் கொடுமையைப் பாருங்க. சித்திரையில மாட்டுனது. ஆடி இன்னும் பொறக்கல, அதுக்குள்ள மொட்டை!"

குனிந்து பார்த்தேன். நிஜமாகவே மொட்டைதான். மிச்சமிருந்த கட்டைகளும் அடியில் வெடித்திருந்தன. ஒவ்வொரு கட்டையும் ஒரே பக்க விளிம்பில் தேய்ந்திருந்தது. பின் டயரைப் பார்த்தேன். அது போன வருடத்து டயர், இன்னும் திடமாக இருந்தது. எனக்குப் புரியவில்லை. எந்தப் பைக்கிலும் பின் டயர்தானே முதலில் போகும்? இரண்டு பின் டயருக்கு ஒரு முன் டயர் என்பதுதான் நான் கண்ட கணக்கு. இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது.

எங்கள் முதலாளியை உங்களுக்குத் தெரியும். அக்குறணைக்காரர், டயர் விஷயத்தில் எனக்கு ஆனா ஆவன்னா சொல்லித் தந்தவர், கோபம் மூக்கு நுனியில் இருக்கும். எட்டிப் பார்த்தவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"டயர் செய்றவனுகள் கள்ளனுகள் பிரான்சிஸ்! ரப்பர்ல மண்ணக் கலக்குறானுகள். கல்லு மாதிரி ஒன்டு ஈக்குதே, அதக் குடுங்க."

கொடுத்தேன். கடினமான ரப்பர், கல்லுப் பாதைக்கென்றே செய்தது. மாட்டு டாக்டர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அந்த டயர் கொஞ்சம் கூட நாள் தாங்கியது என்னவோ உண்மை. ஆனால் ஐப்பசி மழையில் முன் சக்கரம் வழுக்கி விழுந்து முழங்கை இரண்டும் உரிந்துபோய் வந்தார். "டயர் தேயலண்ணே, நான்தான் தேஞ்சிட்டேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்து மிருதுவான ரப்பர் கொடுத்தேன். ஆறு வாரத்தில் கட்டைகள் பிய்ந்து தொங்கின. நான் விடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காற்று கூடவா என்று குறைத்துப் பார்த்தேன், குறைவா என்று கூட்டிப் பார்த்தேன். ரிம் வளைந்திருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தேன். பின்னால் குடுவை கனத்தால் முன் சக்கரம் லேசாகித் துள்ளுகிறதோ என்று தாங்கியை முன்னுக்குத் தள்ளி மாட்டினேன். முன் பிரேக்கை மட்டும் பிடிக்கிற பழக்கமா என்று கேட்டேன். "இல்லண்ணே, ரெண்டையும்தான் புடிப்பேன்" என்றார். பொய் சொல்கிற ஆள் இல்லை. எப்படி ஏறுவீர்கள், எந்த கியரில் ஏறுவீர்கள், கல்லில் ஏறும்போது எழுந்து நிற்பீர்களா என்று வக்கீல்போலக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது. எனக்குத்தான் குழப்பம் கூடிக்கொண்டே போனது. வீட்டில் சோறு சாப்பிடும்போதும் அந்த டயர்தான். "ஒங்களுக்கு டயர்ப் பேய் புடிச்சிருச்சு" என்று மனைவி சொன்னாள்.

அந்தக் கிழிந்த டயரைக் கழற்றிக் கடைசியாக வேறொன்று போட்டோம். அந்த மூன்றாவது டயரோடு போனவர் விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டார். பேராதனை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள்.

அடுத்த வாரம் ஒரு பெண் கடைக்கு வந்தார். சாந்தமான முகம், தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர். கையில் சிலிசிலிப் பொலித்தீன் பை. அதிலிருந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்து என் முன்னால் மேசையில் வைத்தார். காதுப் பக்கம் பிளந்திருந்தது.

"பிரான்சிஸ்ங்கிறவரு நீங்கதானுங்களா?"

"ஆமாங்க டீச்சர், இரிங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"எங்க வீட்டுக்காரரு மாடுகளுக்கு ஊசி போடுறவரு. இது அவரு போட்டிருந்தது. எங்க மலைப் பாதையில ஒரு மதகு இருக்குங்க. அதுல அடிச்சிருக்காரு. மதகுக்கு அங்கிட்டுப் பள்ளம், கீழ ஆறு. அவரு இங்கிட்டு விழுந்தாரு, அதனால வீட்டுல படுத்திருக்காரு." ஹெல்மெட்டின் பிளவை என் பக்கம் திருப்பினார். "அடுத்த வாட்டி எங்கிட்டு விழுவாருன்னு யாருக்குங்க தெரியும்?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேலைய விடச் சொன்னா விடமாட்டாரு. பைக்க வித்துருங்கன்னா ரெண்டு நாளைக்குப் பேச மாட்டாரு. பிரான்சிஸ் அண்ணே நல்ல டயரா குடுப்பாரு, அதைப் போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு அதையே சொல்றாரு. எனக்கு டயரப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. இதைப் பாத்துட்டுக் குடுங்க."

ஹெல்மெட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். அதைப் பின்சுவர் ஆணியில் மாட்டினேன். அன்றைக்கு முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. பயமாக இருந்தது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, பயந்தேன். ஒரு மனுசனுடைய உயிர் என் கைத் தேர்வில் இருக்கிறது, என் தேர்வோ மூன்று தடவை பிழையாகிப்போயிருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து மாட்டு டாக்டரே பைக்கோடு வந்தார். அடுத்த நாள் வேலைக்குத் திரும்புகிறார், காலையிலேயே ஒரு பசு காத்திருக்கிறது, புது முன் டயர் வேண்டும், அதுவும் இப்போதே. முதலாளி உள்ளே போய் ஒரு டயரைத் தானே உருட்டிக்கொண்டு வந்தார். கடையில் இருந்ததிலேயே விலை கூடியது, போட்டிக்கு ஓடுகிறவர்கள் வாங்குவது.

"இதப் போடுங்க பிரான்சிஸ். இதுக்கு மேல டயர் இந்த நாட்டுல இல்ல."

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக ஆணியில் ஹெல்மெட். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை என்பது மட்டும்தான் எனக்கு விளங்கியது.

"இல்ல முதலாளி. இன்னைக்கு இவருக்கு நான் புது டயர் விக்க மாட்டேன்."

முதலாளிக்கு வந்ததே கோபம். "யா அல்லாஹ்! டயர்க் கடையில நின்டுகிட்டு டயர் விக்க மாட்டேன்டு செல்றீங்களா? ஒங்களுக்கு மண்டை கலங்கிட்டா?"

"கலங்கித்தான் இருக்கு. மூணு டயர் குடுத்தேன், மூணும் என்ன காரணத்தால போச்சுன்னு தெரியாது. தெரியாம நாலாவதையும் குடுத்தா அது வியாபாரம் இல்ல, கொலை."

கடையில் இருந்த பாதி தேய்ந்த, நடுத்தரமான ஒரு பழைய டயரை மாட்டிவிட்டேன். "நாளைக்கு மட்டும் இதோட மெதுவா போங்க. நான் வந்து ஒங்க பாதையப் பாக்குறேன்" என்றேன். இதுவும் துணிச்சல்தான். அந்த ஒரு நாளில் விழுந்திருந்தால் பழைய டயரைப் போட்டு அனுப்பியவன் என்று என்னைத்தான் சொல்வார்கள். இரவு முழுக்கச் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு புரண்டேன்.

காலையில் லீவு சொல்லிவிட்டு கம்பளை பஸ் ஏறினேன். பேராதனைச் சந்தியில் வழக்கம்போல ஊர்வலம்போல வாகனங்கள், அரை மணி நேரம் போனது. கம்பளையிலிருந்து ஆட்டோ. மலையடிவாரத்தில், பாதை ஏறத் தொடங்குகிற இடத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. அங்கே இறங்கியபோது அவர் எனக்காகக் காத்திருந்தார்.

"ஏறுங்கண்ணே, பின்னால ஒக்காருங்க" என்றார். குடுவை இருக்கிற இடத்தில் நான் எங்கே உட்காருவது? அதோடு என் முழங்கால் போனதிலிருந்து நான் பைக்கில் ஏறுவதே இல்லை. "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்க இருந்தே பாக்குறேன்" என்றேன்.

ஏறினார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். சத்தத்தைக் கேட்டேன். சரியான கியர், சரியான வேகம், கல்லில் அவசரமில்லை. ஒரு குறை சொல்ல முடியாது. சத்தம் தேயிலை மலைக்கு அந்தப் பக்கம் போய்த் தேய்ந்தது. நான் ஒரு பிளேன்டீ குடித்தேன், வடை தின்றேன், இன்னொரு பிளேன்டீ குடித்தேன். அவர் திரும்பி வருகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். மூடுபனி இறங்கி மேல் வளைவு மறைந்துவிட்டது. ஒரு மணி நேரம் போனது. சத்தம் இல்லை. மதகு ஞாபகம் வந்தது. எழுந்து பாதையில் இரண்டு அடி வைத்தேன்.

'க்ரீச்' என்று ஒரு சத்தம். மூடுபனிக்குள்ளிருந்து முன் சக்கரம் சல்லியை உழுதுகொண்டு வந்து என் காலடியில் நின்றது. மேலே மாட்டு டாக்டர், வாயெல்லாம் பல்.

"ஊசி போட்டாச்சுண்ணே! நல்ல பசு!"

நான் பைக்கையே பார்த்தேன். எஞ்சின் ஓடவில்லை.

"எஞ்சின் எப்ப நின்னுச்சு?"

"மேலயே நிப்பாட்டிட்டேண்ணே. எறக்கந்தானே? எப்பவும் மேல இருந்து அப்படியே உட்டுட்டு வந்துருவேன். கீழ வரைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் போகாது."

மாதாவே! எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. கியரில் இறங்கினால் எஞ்சின் பைக்கைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு உருள விட்டால், பைக், ஆள், குடுவை எல்லாவற்றின் பாரத்தையும் பிரேக்தான் பிடிக்க வேண்டும். இறக்கத்தில் அந்தப் பாரம் முழுக்க முன் சக்கரத்தில் விழும். சல்லியில் கட்டை பிய்யாமல் என்ன செய்யும்? நனைந்த கல்லில் சக்கரம் இறுகி வழுக்காமல் என்ன செய்யும்? பிரேக் பிடிக்கும்போது நிலத்தில் உரசுகிற அந்த ஒரே பக்க விளிம்பில் தேய்ந்த கட்டைகள் முதல் நாளே என்னிடம் அதைத்தான் சொல்லியிருக்கின்றன. நான் எப்படி ஏறுவீர்கள் என்று ஆயிரம் கேள்வி கேட்டேன். எப்படி இறங்குவீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எந்த மடையன் ஒங்களுக்கு இதச் சொல்லிக் குடுத்தான்?"

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"என்னாண்ணே, நீங்கதானே! பெட்ரோல் வரிசையில நின்ன காலத்துல, டியூப் மாத்த வந்தேன்ல? எண்ணெய் இல்லாம எப்படிண்ணே மலை ஏறி எறங்குறதுன்னு கேட்டேன். 'ஏறுறதுக்குத்தான் நாம காசு குடுக்கணும், எறக்கம் கடவுள் குடுத்த பெட்ரோல்'ன்னு சொன்னீங்களே. அன்னையிலேருந்து அப்படித்தான்."

அந்த நாள் எனக்கு நினைவில் இல்லை. டியூப் மாற்றியதும் நினைவில் இல்லை. ஆனால் அந்த வசனம் என்னுடையதுதான். அந்த நாட்களில் கடைக்கு வருகிறவர்கள் முகத்தில் ஈயாடாமல் நிற்பார்கள். அவர்களைச் சிரிக்க வைக்க நான் அதைச் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும். வரிசை போய்விட்டது, பெட்ரோல் வந்துவிட்டது, என் வசனம் மட்டும் இந்த மனுசனோடு மலையில் உருண்டுகொண்டிருந்திருக்கிறது.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். இனிமேல் கியரில் இறங்குங்கள் என்று மட்டும் சொன்னால் போதுமே, ஏன் என் மானத்தை நானே வாங்கிக்கொள்ள வேண்டும்? அப்புறம் அவருடைய தோளைப் பார்த்தேன். எலும்பு கூடிய இடம் சட்டைக்கு மேலேயே மேடாகத் தெரிந்தது. பெஞ்சில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "அப்ப அந்த டயருங்க மேல தப்பு இல்லியாண்ணே?" என்றார், பாவம்.

அன்றைக்கே அவருடைய வீட்டுக்கும் போனேன். டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தார். அவரிடமும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் தேத்தண்ணி வைத்தார். கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதை வேற யாருக்கெல்லாங்க சொன்னீங்க?"

திரும்பி வரும்போது பஸ்ஸில், அந்த வசனத்துக்குச் சிரித்த முகங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

மாட்டு டாக்டருக்குக் கடைசியில் நடுத்தரமான ரப்பரில் ஒன்று கொடுத்தேன். விசேஷமான டயர் ஒன்றும் இல்லை, உங்கள் இரண்டாவது தட்டில் எப்போதும் இருக்குமே, அதுதான். எஞ்சினோடு இறங்கினார். பின் டயர் முதலில் தேய்ந்தது. அந்த வருடம் மழையும் குறைவு, ஆகவே டயரா, மழையா, எஞ்சினா என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அவர் அதற்குப் பிறகு விழவில்லை என்பது மட்டும் நிச்சயம். ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "கடையிலயே இருக்கட்டுங்க" என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

கடை வேலையை விட்ட பிறகு நான் இருப்பது ஹந்தானைப் பாதையின் இறக்கத்தில். வாசலில் கதிரையைப் போட்டுப் பத்திரிகை படிப்பேன். பைக் சத்தத்தோடு இறங்கினால் தலையைத் தூக்க மாட்டேன். சத்தமில்லாமல் ஒன்று வந்தால் என்னால் இருக்க முடியாது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேற்றுக்கு ஓடி, "எஞ்சினப் போடு! கியர்ல வா!" என்று கத்துவேன். பிரான்சிஸுக்கு மரை கழன்றுவிட்டது என்று அயலில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு ட்ரெயில் பைக் அப்படி வந்தது. கத்தினேன். நிறுத்தினார். நாற்பது, நாற்பத்தைந்து வயது, முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது.

"என்ன பிரான்சிஸ் அண்ணே, நீங்களே இப்படிச் சத்தம் போடுறீங்க?" என்று சிரித்தார். "எறக்கம் கடவுள் குடுத்த பெட்ரோல் இல்லியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பிரேக்கை விட்டுவிட்டார். வளைவில் திரும்பும்வரை பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை.

சிவப்புப் பைக். பின் டயர் நல்ல நிலையில் இருக்கிறது, முன் டயர் மொட்டையாகப் போகிறது. எப்படியும் இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் லேசில் தேயாத முன் டயர் ஒன்று கேட்டு உங்களிடம்தான் வருவார். டயரைக் காட்டாதீர்கள். உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுங்கள், ஆணியில் இருக்கிற ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையில் கொடுங்கள், எனக்கு போன் எடுங்கள். நான் வரும்வரைக்கும் அவரைப் போக விடாதீர்கள்.